கை வைக்காதீர்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. மயில்கழுத்து நிறம், நாலு சக்கரம், பதினோரு வயது. என் பிறந்தநாளை என் வீட்டுக்காரர் மறந்த வருஷங்கள் உண்டு. அவளுக்கு ஆயில் மாற்ற வேண்டிய தேதியை அவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை. யாராவது வாய் தவறி ‘பழைய கார்’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் கண்ணாடிக்காரர். கண்ணாடி அறுத்து, ஓரம் தேய்த்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் பொருத்திக் கொடுப்பது தொழில். அந்தத் தொழிலில் ஒரு கீறல் விழுந்தால் பலகை மொத்தமும் போச்சு. பூசி மறைக்க அது சுவர் இல்லை, ஒட்டுப்போட அது துணியும் இல்லை. அதனால் கீறல் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்க் காரை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார். நானோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். உடைந்ததைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் ஆண்டவன் எந்த யோசனையில் முடிச்சுப் போட்டானோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவளை அவர் முதலில் பார்த்ததே ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான். கார் விற்கும் கடை ஒன்றுக்கு வாசலில் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரே பலகையாகக் கண்ணாடி பதிக்கும் வேலை. ஐந்து பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தி, ஓரமெல்லாம் அடைத்து, கடைசியாக அவரே துணியை எடுத்துத் துடைத்திருக்கிறார். துடைத்து முடித்த இடத்தின் வழியாக உள்ளே பார்த்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள். மனுஷன் துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். கூட இருந்தவர், “என்னண்ணே, ஏதாவது குறை இருக்கா?” என்று கேட்டாராம். “குறையே இல்லப்பா,” என்று இவர் சொன்னாராம். கண்ணாடியைச் சொன்னாரா காரைச் சொன்னாரா என்று நான் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன்.

கொண்டுவந்த நாளிலிருந்து அவளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். கடைக்குக் கண்ணாடி ஏற்ற ஒரு வேன் இருக்கிறது, அவர் அதில்தான் போவார். அவள் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வருவாள். வந்தாலும் நினைத்த இடத்தில் நிற்க மாட்டாள். மரத்தடி ஆகாது, காய் விழும். கடைவாசல் ஆகாது, தள்ளுவண்டி வரும். எந்தக் காருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பதற்கு ஒரு தனிப் பரீட்சையே உண்டு. முதலில் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதன் கதவு ஓரங்களைப் பார்ப்பார். ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால், “இவங்க கதவைப் பாத்துத் திறக்கிற ஆளுங்க இல்ல,” என்று தீர்ப்பு வரும். பின்சீட்டில் குழந்தை நாற்காலி இருந்தால் விசாரணையே கிடையாது, அடுத்த இடம்தான். சினிமா பார்க்கப் போனால் காரை விட்டு இறங்கி நாங்கள் நடந்த தூரத்துக்குப் பேசாமல் வீட்டிலிருந்தே நடந்து போயிருக்கலாம்.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் அவளுக்கு ஓர் இடம். ஒரு பக்கம் தூண். அந்தத் தூணுக்கு நாலு விரல் தடிமனில் பஞ்சு மெத்தை சுற்றிக் கட்டினார். மேலே கூரையிலிருந்து ஒரு நூலில் டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டார். முன்கண்ணாடியில் பந்து முத்தமிட்டால் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஓர் அங்குலம் போனால் சுவர். மெத்தை கட்டிய பிறகும் நம்பிக்கை இல்லை. தூணுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டுத்தான் நிறுத்துவார். தூணின்மேல் ஒரு பலகை. அவரே ஸ்டென்சில் வெட்டி எழுதியது: ‘வண்டி மேல் கை வைக்காதீர்.’

கேலி செய்கிறேனே தவிர, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு நசுங்கல் இல்லை. தினமும் சாயங்காலம் அவர் டார்ச்சை அவள் பக்கவாட்டில் படுத்தாற்போல் பிடித்து, முன்னாலிருந்து பின்னால்வரை வெளிச்சத்தை நகர்த்திப் பார்ப்பார். கண்ணாடியில் குறை தேடுவதும் இப்படித்தான். அந்த வெளிச்சம் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். சில நாள் நானும் கூட நின்று பார்ப்பேன். ஊரில் இத்தனை கதவுகள், இத்தனை அவசரம், இத்தனை சாவிக்கொத்துகள். இதற்கு நடுவில் ஒரு பொருளை இப்படி முழுசாக வைத்திருக்க முடியுமா என்று எனக்கே மலைப்பாக இருக்கும். அவரிடம் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தலைக்கனம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இன்னொரு பக்கத்துக்கும் ஆள் வந்தது. மூன்றாவது மாடிக்குக் குடிவந்தவர்கள். லிப்டை ஒட்டிய அந்த இடத்தைக் குடியிருப்போர் சங்கம் அவர்களுக்கு ஒதுக்கியது. காரணம், வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், ஆறடி உருவம், இப்போது சக்கர நாற்காலி. பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பார், அவ்வளவுதான். நாங்கள் அவரைப் பஸ்காரர் என்போம். அவருடைய மனைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு. காரை ஓட்டுவது, அவரைத் தூக்குவது, இறக்குவது எல்லாம் அக்காதான். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணிக்கு அவரைப் பிசியோதெரபி பயிற்சிக்கு அழைத்துப்போவார், ஒரு மணிக்குத் திரும்புவார்.

அவர்கள் கார் ஒரு டப்பா. அதில் நசுங்காத இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் என் வீட்டுக்காரர் அதன் கதவு ஓரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“பஸ் ஓட்டினவரு காரு இப்படியா இருக்கும்?”

“அது அவர் வாங்கறப்பவே பழசாம். அக்கா அதுலதான் ஓட்டப் பழகினாங்களாம்.”

“பழகினாங்களாமா?” என்றார், செத்துப்போன குரலில்.

ஆனால் நாட்கள் போயின, மாதங்கள் போயின. டார்ச் வெளிச்சம் வழக்கம்போல் வழுக்கிக்கொண்டே போயிற்று. தம்முடைய மெத்தையும் பந்தும் பலகையும்தான் காரணம் என்று அவர் நம்பினார். நானும்தான் நம்பினேன்.

போன மாதம் எங்கள் கட்டடத்துக்கு எதிரே சாலையைத் தோண்டிப் போட்டார்கள். தூசி அடித்தளம்வரை இறங்கிவந்து, காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் மாவு சலித்தாற்போல் அவள்மேல் படிந்துவிடும். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் என்னைக் கீழே கூப்பிட்டார். குரலே சரியில்லை.

அவளுடைய பின்கதவில், டப்பா நிற்கும் பக்கம், தூசியில் நாலு வட்டங்கள். ஒன்றை ஒட்டி ஒன்றாக, லேசான வளைவில்.

“யாரோ கை வச்சிருக்கான்,” என்றார்.

துடைத்தார். செவ்வாய் ஒன்றுமில்லை. புதன்கிழமை மறுபடியும் அதே இடத்தில் அதே நாலு வட்டம். வெள்ளிக்கிழமையும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடிக்காரருக்குக் கைத்தடம் என்றால் அத்துப்படி. பலகையில் விழுந்த தடத்தைப் பார்த்தே தூக்கியது யார், எந்தக் கை என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு முகத்தைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரேகை இல்ல.”

“அப்படின்னா?”

“விரல் வச்சா ரேகை விழணும். உள்ளங்கை வச்சாலும் விழணும். இதுல ஒரு கோடுகூட இல்ல. கையுறை போட்டுக்கிட்டு வந்து வைக்கிறான். திட்டம் போட்டுச் செய்யறான்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் சிரித்ததற்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது கையின் எலும்பைப் பார்க்கிறவள் நான். அந்த நாலு வட்டம் என்னவென்று முதல் பார்வையில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் லிப்டில் அக்காவின் வலது கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தன. சுண்டு விரலின் முட்டி மட்டும் உள்ளே இறங்கியிருந்தது. எப்போதோ உடைந்து, தானாகவே கூடிய எலும்பு அப்படித்தான் இறங்கும்.

“என்னக்கா கை?”

“எங்கயோ இடிச்சுக்கிட்டேன்மா,” என்றார். மூன்றாவது மாடி வந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் சங்கச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்து இடத்தில் நிற்கும் காரினால் தம் வாகனத்துக்கு ஆபத்து, மர்ம நபர் கையுறை அணிந்து கை வைக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறார், ஆகவே அந்தக் காரைக் கட்டடத்தின் பின்புறம் காலியாக உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் செயலாளர் சொல்லிவிட்டாராம்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

“பின்னாடி முழுக்கச் சரிவுங்க. வீல்சேர் அங்க எப்படி நிக்கும்? அவங்க ஒத்தையா அவரை எப்படி ஏத்துவாங்க?”

“நான் என்ன அவங்களை ஊரை விட்டா போகச் சொன்னேன்? கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்றேன்.”

“தள்ளிப் போனா அவரால பயிற்சிக்கே போக முடியாது. உங்க காருக்கு ஒரு கோடு விழுந்தா பெயிண்ட் அடிக்கலாம். அவர் படுத்த படுக்கையா ஆயிட்டா?”

“கை வைக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

“யாரு வச்சதுன்னு பாத்தீங்களா? பாக்காம யார் மேலயும் பழி போடாதீங்க. கையும் களவுமா பிடிங்க, அப்புறம் பேசுங்க.”

கோபத்தில் சொன்னது. அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட். அவர் கடையைத் தாமதமாகத் திறப்பதாகச் சொல்லிவிட்டு, காலை ஒன்பதரைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு கீழே வந்தார். அவளுக்குள்ளேயே உட்கார்ந்து காவல் காப்பதாகத் திட்டம்.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறு.”

நான் பின்சீட்டில், டப்பாவின் பக்கத்து ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்கு அவர் ஒட்டிய கறுப்புத் தாள் இருந்ததால் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. அவர் முன்சீட்டைச் சாய்த்துப்போட்டுப் பதுங்கிக்கொண்டார். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் நின்றுபோயிற்று. சாலை தோண்டும் இயந்திரம்கூட வேறு ஊரில் ஓடுவதுபோல் இருந்தது. பதினோரு வருஷத்தில் நான் அவளுக்குள் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சீட்டு மேல் ஒரு நூல் பிரியவில்லை, ஜன்னலின் உள்பக்கம் ஒரு புள்ளி இல்லை. இவ்வளவு சுத்தமான இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கலாமா என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

பத்து மணிக்கு லிப்ட் திறந்தது. அக்கா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கார்களுக்கும் நடுவில் நாற்காலி நுழையாது. அதனால் பின்னாலேயே நிறுத்திப் பூட்டினார். டப்பாவின் முன்கதவைத் திறந்துவைத்தார். கதவு முழுசாகத் திறந்தால் அவள்மேல் இடிக்கும், பாதி திறந்தால் பஸ்காரரின் உடம்பு உள்ளே போகாது. அக்கா அதைப் பாதியில் நிறுத்திவைத்தார். அப்புறம் அவரை எழுப்பி, ஒரு கையால் அணைத்து, பக்கவாட்டில் ஓரோர் எட்டாக அழைத்துவந்தார். அக்காவின் இன்னொரு கை டப்பாவின் உடம்பைப் பிடித்துக்கொண்டே வந்தது. கதவருகே வந்ததும் கதவைத் தம் இடுப்பால் தடுத்துக்கொண்டார்.

அவர் உட்காரும் நேரம் வந்ததும் அக்கா இடுப்பை எடுத்தார். எடுப்பதற்கு முன்னால் வலது கையைக் கதவின் ஓரத்தில் வைத்து, விரல்களை மடக்கி, அந்தத் தகர விளிம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். முட்டிகள் எங்கள் பக்கம் பார்த்திருந்தன. கண்ணை இறுக்க மூடினார், உதட்டைக் கடித்தார்.

பஸ்காரர் கதவின் மேல்விளிம்பைப் பற்றித் தம் முழுப் பாரத்தையும் சாய்த்தார். கதவு வீசிக்கொண்டு வந்தது.

‘தும்’ என்று ஒரு சத்தம். தகரம் தகரத்தில் மோதுகிற சத்தம் இல்லை. ஒரு தலையணையைச் சுவரில் அடித்தால் வருமே, அப்படி. நான் சாய்ந்திருந்த கதவு என் தோளில் லேசாக அதிர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே, என்னிடமிருந்து ஒரு சாணில், தகர விளிம்புக்கும் மயில்கழுத்து வண்ணத்துக்கும் நடுவில் அந்தக் கை இருந்தது. ஆறடி மனிதர் மெல்ல மெல்ல உட்கார்ந்து முடிக்கும்வரை இருந்தது.

“இடிச்சிருச்சா?” என்று உள்ளேயிருந்து பஸ்காரரின் குழறிய குரல்.

“இல்லங்க,” என்றார் அக்கா. “கை வச்சிருக்கேன்.”

அவருடைய காலைத் தூக்கி உள்ளே வைத்தார், பெல்ட் போட்டார், கதவைச் சாத்தினார். கையை இரண்டு உதறு உதறினார். அப்புறம் குனிந்து, எங்கள் கதவில் தூசிமேல் விழுந்த நாலு வட்டத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைக்கக் கொண்டுவந்தவர் சட்டென்று நிறுத்தி, தூணில் இருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார். கைக்குட்டையைத் திரும்பச் செருகிக்கொண்டார். குழந்தையின் முழங்கால் காயத்தை ஊதுகிற மாதிரி, தொடாமல், அந்த இடத்தை இரண்டு தடவை வாயால் ஊதிப் பார்த்தார். தூசி போகவில்லை. நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க வந்தோம். கை இருந்தது, களவுதான் இல்லை.

நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அடங்கவே இல்லை. கோயிலுக்குள் இருப்பதுபோல் பேசவே பயமாக இருந்தது. முன்சீட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

“போறப்ப ஒண்ணு. வர்றப்ப ஒண்ணு.”

விரலை மடக்கி எண்ணினார்.

“வாரத்துக்கு ஆறு. ரெண்டு வருஷம்.” மறுபடியும் எண்ணினார். “அறுநூறு தடவைக்கு மேல.”

இறங்கினார். செருப்புப் போடாமலே சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, அந்த நாலு வட்டத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டார்ச்சை எடுத்துப் படுத்தாற்போல் பிடித்தார். அறுநூறு இடி வாங்கிய இடத்தில் வெளிச்சம் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அங்கே தேய்ந்தது கல் இல்லை. அதை இரண்டு வாரம் முன்னால் லிப்டில் நான் பார்த்தேன், நீலமாக, ஒரு முட்டி இறங்கிப்போய். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் திரும்பித் தூணுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தைப் பார்த்தார். மெத்தைக்குப் பயந்து, தூணுக்குப் பயந்து, அவர் விட்டுவைத்த இடம். அந்த ஒரு முழம் இந்தப் பக்கம் இருந்திருந்தால் கைக்கு வேலையே இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் அறுத்த ரெண்டு பலகை பாழ் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் கூட்டம். செயலாளர் கோப்புகளைக் காதலிக்கும் மனிதர். எங்கள் கடிதத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுசாக வாசித்தார். ‘மர்ம நபர்’ என்ற இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அக்கா கதவோரம் பஸ்காரரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“மர்மம் ஒண்ணும் இல்லங்க. நான்தான் அது.”

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கதவு இடிச்சிரக் கூடாதேன்னு கை குடுப்பேன். அது அவர் காரு மேல படும். கை வைக்கக் கூடாதுன்னு அவர் எழுதியே போட்டிருக்காரு, தெரியும். எனக்கு வேற வழி தெரியல. தினம் அவர் அதைத் துடைக்கறதைப் பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரரும் பஸ்ஸை அப்படித்தான் துடைப்பாரு. அதுல நம்மளால ஒரு கோடு விழலாமா?” கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “அவர் கேக்கறது நியாயம்தான். நாங்க பின்னாடியே போயிக்கறோம். எப்படியாவது பழகிக்கறோம்.”

“அப்ப பிரச்சினை தீர்ந்துது,” என்று செயலாளர் பேனாவைத் திறந்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நாற்பது பேருக்கு முன்னால் அவர் பேசி நான் பார்த்ததில்லை. கண்ணாடித் தூசி ஏறியதுபோல் குரல் கரகரத்தது.

“அக்கா, நீங்க உக்காருங்க. சார், அந்தக் கடுதாசியக் கிழிச்சிருங்க.”

“பதிவேட்டுல ஏத்தியாச்சே சார். வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும்.”

“எழுதுங்க. அவங்க கை வச்சதாலதான் என் காரு முழுசா இருக்குன்னு எழுதுங்க.” மூச்சு வாங்கினார். “பதினோரு வருஷம் நான் காப்பாத்தினேன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுல ரெண்டு வருஷம் நான் இல்ல. என் தூணு மெத்தையும் இல்ல, பந்தும் இல்ல. அவங்க எலும்பு.”

உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செயலாளர் எதை எழுதினாரோ, எதையோ வெகுநேரம் எழுதினார். இடம் மாறவில்லை.

அன்று மத்தியானமே அவர் கத்தியும் கரண்டியுமாகக் கீழே இறங்கினார். முதலில் பலகையைச் சுரண்டி எடுத்தார். அப்புறம் தூணின் மெத்தையை அவிழ்த்தார், அது நாலு விரல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பந்தும் போயிற்று, இடம் மாறினால் அது வேறெங்கோ தொங்கும். அவளை வெளியே எடுத்து, தூணை ஒட்டி மறுபடியும் உள்ளே கொண்டுவந்தார். வழி சொல்வது நான்.

“வாங்க, வாங்க, இன்னும் வரலாம். ஒரு விரக்கடை இருக்கு. வாங்க, நிறுத்துங்க!”

‘சர்ர்.’

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இந்தப் பக்கமாக இறங்கி, சுற்றிப் போய்ப் பார்த்தார். மயில்கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. பதினோரு வருஷத்தில் முதல் கோடு. என் சக்களத்திக்கு அடிபட்டதற்கு நான் அப்படித் துடித்துப்போவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“பரவால்ல,” என்றார். “இன்னும் அரை அங்குலம் தள்ளலாமா பாரு.”

பிறகு மூன்றாவது மாடிக்குப் போய்ச் சாவி வாங்கிவந்து, டப்பாவின் கதவு ஓரத்துக்கு ரப்பர் போட்டார். கண்ணாடி விளிம்புக்குப் போடுகிற தடித்த கறுப்பு ரப்பர். கண்ணாடி ஓரத்தை அளக்கிற அதே கவனத்தோடு அந்த நசுங்கிய தகரத்தை அளந்து, வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் பதித்தார். அக்கா கீழே வந்து பார்த்துவிட்டு, “எதுக்குங்க இதெல்லாம்,” என்று நாலு தடவை சொன்னார். இதற்கெல்லாம் கைமாறு என்று ஒன்று உண்டா என்ன. அவர் தலை நிமிராமல் ரப்பரை அழுத்திக்கொண்டிருந்தார். சீக்கிரமே அக்காவை நான் இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கப்போகிறேன். மாட்டேன் என்றால் விடுகிற ஆள் நான் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் கீழே நின்றோம், இந்தத் தடவை ஒளியாமல். லிப்ட் திறந்தது. நாற்காலி வந்து நின்றது. அக்கா கதவைத் திறந்து, பஸ்காரரை அணைத்து, ஓரோர் எட்டாக அழைத்துவந்தார்.

“அக்கா, கை வேணாம்,” என்றார் என் வீட்டுக்காரர். “நான் அளந்துட்டேன். கதவு எட்டாது.”

“சரிங்க,” என்றார் அக்கா.

பஸ்காரர் கதவின் மேல்விளிம்பைப் பற்றினார். அக்காவின் வலது கை தன்போக்கில் போய்க் கதவு ஓரத்தைப் பொத்திக்கொண்டது. கண்ணை இறுக்க மூடினார், உதட்டைக் கடித்தார். பஸ்காரர் சாய்ந்தார். கதவு வீசிக்கொண்டு வந்து, போகிற தூரம் முழுக்கப் போய், தானாக நின்றது. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கையின் அகலத்துக்கு வெறும் காற்று.

அக்கா கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. வர வேண்டியது வரவில்லை என்று தெரிந்து, முதலில் ஒரு கண்ணைத் திறந்தார், அப்புறம் இன்னொன்றை. தம் முட்டிகளையே பார்த்தார்.

“இடிச்சிருச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இல்லங்க,” என்றார் அக்கா. “எட்டல.”

கையை மட்டும் அவர் இன்னும் எடுக்கவில்லை.